உங்களுக்குத் தெரியுமா? ஐஸ்கிரீமுக்குள் கொத்தவரை!

பந்தல்குடிப் பெட்டிக்கடையில் வாங்கும் ஐஸ்கிரீம் உறையில் ‘412’ என்ற எண் இருந்தால், அது குவார் கம். கொத்தவரை விதையின் பசை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வீடுகளில் உப்புப் போட்டு வேகவைத்து வற்றல் காயப்போடுகிறோமே, அதே செடிதான். உலக விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் ராஜஸ்தான் மானாவாரி நிலத்துடையது. விதையின் உள்பருப்பை அரைத்த இந்த மாவு தண்ணீரைப் பிடித்துக் கெட்டியாக்கும். பனித்துகள் பெரிதாகாமலும், கொழுப்பும் நீரும் பிரியாமலும் காக்கும்.

எண் போட்டதெல்லாம் விஷம் என்பார்கள். மஞ்சளின் நிறத்துக்கும் 100 என்ற எண் உண்டே! குவார் கரையும் நார்ச்சத்து. கொலஸ்ட்ராலைச் சற்றுக் குறைக்கவும் செய்யும். அதற்காக, செடியிலிருந்து வந்ததால் கேடே இல்லை என்பதும் அரைகுறை வாதம். சிலருக்கு வயிறு உப்பும். அமெரிக்காவில் எடை குறைக்க மாத்திரையாக விழுங்கியவர்கள் சிலருக்கு, அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டது. 2007-இல் இந்தியக் குவாரில் டயாக்சின் என்ற நச்சு கலந்திருந்தது ஐரோப்பாவில் பிடிபட்டது. செடி அதற்குப் பொறுப்பல்ல. சங்கடம் வேறிடத்தில்: பால் குறைந்தாலும் பசை அதை நாக்குக்குக் காட்டிக்கொடுக்காது. உறையில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றிருந்தால், உள்ளே பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்.