கீழ்க்கால் முறிவும் ஸஜ்தாவும்

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர்ச் சாலையில் அமைந்துள்ளது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கிருப்பதால் நாள் முழுதும் வாகனங்கள் விரையும் ஊர். இத்தகைய சாலைகளில் விழுவோருக்குப் பெரும்பாலும் முறிவது, டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பு. அதன் முன்புறத்தைத் தோல் மட்டுமே போர்த்தியிருப்பதால், முறிந்த முனை வெளியே வந்துவிடுவதும் உண்டு.

எலும்பின் உட்குழலில் உலோகக் கம்பியைச் செலுத்திப் பொருத்துவதே இன்று பெரிதும் கையாளப்படும் சிகிச்சை. ‘ராடு வைத்தல்’ என மக்கள் கூறுவது இதனையே. ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் குன்ச்சர் 1939இல் தொடையெலும்பில் செய்துகாட்டிய முறை இது. கம்பி அசையாதிருக்க, மேலும் கீழும் குறுக்கே திருகாணி பூட்டுவது பின்னர் வந்தது.

கம்பி நுழையும் வாயில் முழங்காலின் அருகே உள்ளது. ஸஜ்தாவில் உடலின் பாரத்தைத் தாங்கும் இடமும் அதுவே. ஆகவே, அது எவ்வழியே நுழைகிறது என்பது தொழுகையாளிகளுக்கு அற்பமான செய்தியன்று.

சில்லுக்குக் கீழே

முழங்காலை நன்கு மடக்கி, சில்லுக்குக் கீழுள்ள தசைநாணைப் பிளந்தோ, அதன் ஓரமாகவோ நுழைவது பழைய வழி. பிளப்பதால்தான் வலி வருகிறது என்று பலர் கருதினர். 2002இல் வெளியான பின்லாந்து மருத்துவர்களின் ஆய்வில், இவ்விரண்டுக்கும் இடையே வலியில் வேறுபாடு காணப்படவில்லை. தோலடி நரம்புக் கிளை அறுபடுவதும், கம்பியின் தலை துருத்தி நிற்பதும் வலிக்குக் காரணமாகலாம்.

சில்லுக்கு மேலே

முழங்காலைச் சிறிதளவே மடக்கி, சில்லுக்கு மேலிருந்து நுழைவது மற்றொரு வழி. எலும்பின் மேற்பகுதி முறிந்திருந்தால் இது பெரிதும் உதவும். காலை மிக மடக்கினால் தசைநாண் இழுத்து எலும்பைக் கோணச் செய்துவிடும். மண்டியிடும் இடத்தில் கீறலும் விழாது. ஆனால் கருவி மூட்டினுள்ளே செல்வதால், குருத்தெலும்பைக் காக்கும் உறை இன்றியமையாதது.

எவ்வழியும் வலியின்மைக்கு உத்தரவாதமாகாது. எனினும், “நான் தரையில் மண்டியிட்டுத் தொழுபவன்” என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறிவிடுங்கள். எலும்பு கூடிய பின்னரும் துருத்திய கம்பி வருத்தினால், அதனை அகற்றவும் வழியுண்டு. அதுவரை அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

ஒன்றை மறவாதீர்கள். அடிபட்ட காலை எண்ணெயிட்டு நீவுவதும், மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டுவதும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே பறித்துவிடக்கூடும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. செலவுக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டாம்.