பரம்வீர் சக்கரமும் மேஜர் பரமேசுவரனும்

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 26ஆம் நாள் நம் பள்ளியில் கொடியேற்றிக் குடியரசு நாளைக் கொண்டாடுகிறோம். அன்று தலைநகர் தில்லியில் நடைபெறும் அணிவகுப்பில், பரம்வீர் சக்கரம் பெற்றவர்கள் திறந்த ஜீப்பில் முன்வரிசையில் செல்வதையும் காண்கிறோம். இவ்விருதைப் பெற்றவர்கள் இதுவரை 21 பேரே. அவர்களுள் 14 பேர் உயிர் துறந்த பின்னரே அதனைப் பெற்றனர். அந்தப் பதினால்வருள் ஒருவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் இராமசாமி பரமேசுவரன். அவருடைய வரலாற்றை அறியுமுன் அந்த விருதைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டு வீர விருதுகள் இரு வகைப்படும். பகைவரை நேரே எதிர்த்துப் போரிடுகையில் காட்டிய வீரத்திற்குப் பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகியவை வழங்கப்படுகின்றன. போர்க்களத்திற்கு வெளியே காட்டிய வீரத்திற்கு அசோகச் சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் ஆகியவை உரியவை. கார்கில் போரில் 1999ஆம் ஆண்டு மே மாதம் உயிர்நீத்த மேஜர் சரவணன் வீர் சக்கரம் பெற்றார். 2014ஆம் ஆண்டு காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்த்து உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜன் அசோகச் சக்கரம் பெற்றார். இவ்விருவரும் தமிழகத்தவர்களே.

பரம்வீர் சக்கரம் 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நிறுவப்பட்டது. அது பொன்னாலோ வெள்ளியாலோ ஆனதன்று. எளிய வெண்கலத்தால் ஆனது. நடுவில் அரசுச் சின்னமும் அதனைச் சுற்றி நான்கு வச்சிராயுதங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே இந்திரனுக்கு ஆயுதமாக ஈந்தார் என்பது புராணக் கதை. உயிரையே பிறருக்காகக் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேறு ஏது?

இப்பதக்கத்தை வடிவமைத்தவர் ஒரு பெண்மணி என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். அவர் சாவித்திரி கனோல்கர். சுவிட்சர்லாந்து நாட்டில் 1913ஆம் ஆண்டு பிறந்து, இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து, நம் நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்டவர் அவர்.

இனி மேஜர் பரமேசுவரனின் வாழ்க்கைக்கு வருவோம். அவர் 1946ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து, அறிவியலில் பட்டமும் பெற்றார். பின்னர்ச் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆரவாரமின்றிக் கடமையாற்றினார். புகழ் அவரைத் தேடி வந்தது இறுதி நாளன்றுதான்.

1987ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. ஆயினும் அக்டோபர் மாதத்தில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. 8ஆம் மகார் பட்டாலியனுடன் பரமேசுவரன் அங்குப் பணியாற்றினார்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள். தேடுதல் பணியை முடித்துக்கொண்டு அவருடைய அணி இரவில் திரும்பிக்கொண்டிருந்தது. மறைந்திருந்தவர்கள் திடீரெனச் சுட்டனர். அவர் நிலை கலங்கவில்லை. எதிர்த்தரப்பினரின் பின்புறமாகச் சுற்றிச் சென்று எதிர்பாராத வகையில் பாய்ந்தார். கைகலப்பு மூண்டது. அப்போது ஒருவர் அவருடைய மார்பில் சுட்டார். குண்டேற்ற நிலையிலும் அவருடைய துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டு வீழ்த்தினார். குருதி வழிந்தோட, உயிர் பிரியும் வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர், சூழ்ச்சி முறியடிக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டு குடியரசு நாளன்று அவருக்குப் பரம்வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் பணியாற்றிய படையினருள் இவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை வருத்தும் செய்தி ஒன்றும் உண்டு. எதிரில் நின்றவர்களும் தமிழ் பேசியவர்களே. நம் காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023ஆம் ஆண்டு பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஒரு பகற்பொழுதுக்குள் போய்ச் சேரும் தொலைவு அது. அத்துணை அருகிலுள்ள மண்ணில் இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தனர். யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் பலர் மாண்டனர். 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் படை திரும்பியது. அப்படையை அனுப்பியது சரியா தவறா என்பதைப் பற்றிப் பெரியவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் அனுப்பப்பட்ட வீரர் தம்மை நம்பி வந்தவர்களைக் கைவிடவில்லை. தாமே முன்சென்று குண்டை ஏற்றார். அதைத்தான் நாம் போற்றுகிறோம். வீரரைப் போற்றுவது போரைப் போற்றுவது ஆகாது.

போரில் மாண்டவரை நினைவுகூர்வது தமிழர்க்குப் புதிதன்று. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறுகிறது. நம் தலத்தெருவும் அதனைச் சூழ்ந்த காரைக்கால் பகுதியும் 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் சில தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் படைக்கு அனுப்பின. ‘சொல்தா’ என்னும் சொல் நம் பாட்டிமார்க்கு நன்கு தெரியும். தொலைவிலிருந்து வரும் கடிதத்திற்காகத் தாயும் மனைவியும் காத்திருந்த காலத்தை அவர்களிடம் கேட்டறியலாம். பதக்கம் ஒருவர் பெயரில் வந்தாலும், அதன் விலையைக் கொடுப்பது ஒரு குடும்பமே என்பது அப்போது விளங்கும்.

சென்னைப் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடல் இன்று பரமேசுவரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தமானில் ஒரு தீவுக்கும் 2023ஆம் ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1992ஆம் ஆண்டு முதல் அச்சென்னைக் கழகத்தில் பெண்களும் பயிற்சி பெற்று அதிகாரிகளாகி வருகின்றனர். தேசியப் பாதுகாப்புக் கழகத்திலிருந்தும் 2025ஆம் ஆண்டு மே மாதம் முதல் பெண்கள் அணியாகப் பதினேழு பேர் பயிற்சி முடித்து வெளிவந்தனர். அவ்வழியில் செல்ல விரும்பும் நம் தோழியர்க்கு உடல் வலிமையோடு, பிறரைக் காக்கத் தாம் முன்னிற்கும் மனமும் வேண்டும்.

நவம்பர், மரித்தோருக்காக நாம் மன்றாடும் மாதம். அம்மாதம் 25ஆம் நாளன்று மேஜர் பரமேசுவரனையும், அப்போரில் இருபுறமும் மாண்ட அனைவரையும், அவர்களை இழந்து வாடிய தாய்மாரையும் நம் மன்றாட்டில் நினைப்போமாக. அத்தகைய போர் இனி நம் கடலின் எந்தக் கரையிலும் நிகழாதிருக்க இறைவன் அருள்வாராக.