மூன்றாவது சக்கரத்தின் மேல் ஒரு மரப்பெட்டி

1950-களின் பிரிட்டனில் ஜன்னல் துடைக்கும் தொழிலாளிகள் பலர் ஏணியையும் வாளியையும் மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போனார்கள். வண்டியின் இடப்பக்கம் பூட்டிய சைடுகாரில் ஆள் உட்காரும் தொட்டி இருக்காது, சரக்குப் பெட்டி இருக்கும். வேன் வாங்க வசதியில்லாத சிறுதொழில்காரர்கள் பலருக்கு அதுதான் சரக்கு வண்டி. வழியில் பழுதாகி நிற்கும் கார்களுக்கு உதவ வந்த ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஊழியர்களும் மஞ்சள் பூசிய பி.எஸ்.ஏ. எம்21 வண்டியில், கருவிப் பெட்டி ஏற்றிய சைடுகாரோடுதான் வந்தார்கள். 1959-ல் மினி கார் 500 பவுனுக்கும் குறைவான விலையில் வந்த பிறகு சைடுகார் சந்தை வேகமாகச் சரிந்தது.

சந்தை சரிந்தாலும், சைடுகாரில் சரக்குப் பெட்டி என்ற அந்த ஏற்பாடு இன்றும் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊரிலும் புல்லட்டில் சைடுகார் பூட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சைடுகாரின் சட்டத்தில், வீட்டிலேயே செய்த ஒரு மரப்பெட்டியை ஏற்றினால் காய்கறிக் கூடையும் கருவிப் பையும் கூடாரமும் கவலையில்லாமல் ஊர் சேரும்.

ஏன் மரம்? எடையைப் பாருங்கள். 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல் வரும். 9 மி.மீ. ப்ளைவுட் ஏறக்குறைய 6 கிலோதான். தகடு குலுங்கிக் குலுங்கி வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் விடும். மரம் அதிர்வைத் தாங்கும். ஒரு பக்கம் உடைந்தாலும் அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடலாம். பழைய பிரிட்டிஷ் சைடுகார்களில் பலவற்றின் உள்கூடு மரச்சட்டம்தான்.

90 செ.மீ. நீளம், 55 அகலம், 45 உயரம் வைத்தால் உள்ளே சுமார் 200 லிட்டர் இடம் கிடைக்கும். அடிப்பலகைக்கு 12 மி.மீ., மற்றதற்கெல்லாம் 9 மி.மீ. போதும். உறுதிக்காக என்று எல்லாவற்றுக்கும் 19 மி.மீ. வாங்காதீர்கள். பலகைகளின் எடை இரட்டிப்பாகும், பலன் ஒன்றும் இல்லை. பலம் மூலைகளில்தான் இருக்க வேண்டும். உள்மூலைகளில் ரீப்பர் கட்டை வைத்து, பசை தடவி, திருகாணி முடுக்குங்கள். முதலில் சிறு துளை போடாமல் திருகாணியை இறக்கினால் ரீப்பர் பிளக்கும்.

ப்ளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் பசை கொதிநீர்ச் சோதனையைத் தாங்கியது. ஆனால் எந்த ரகமானாலும் தண்ணீர் நுழைவது அறுத்த ஓரத்தில்தான். அங்கே அடுக்குகளின் நார் வாய் திறந்து நிற்கும், ஈரத்தை உறிஞ்சும், ஒரே மழைக்காலத்தில் ஓரம் ஊதிவிடும். ஆகவே பெட்டியைப் பூட்டும் முன்பே ஒவ்வொரு ஓரத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எபாக்ஸியை இரண்டு மூன்று முறை குடிக்கக் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் ப்ரைமரும் பெயின்ட்டும். இந்த வேலையில் அவசரப்பட்டவரின் பெட்டி நிலைக்காது.

மூடி பின்பக்கம் சற்றே சரிந்து, ஓரங்களில் ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கீலை முன்பக்கம் வையுங்கள். ஓட்டும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனாலும் எதிர்காற்றே மூடியை அழுத்திப் பிடிக்கும். அடியில் தண்ணீர் வடிய இரண்டு துளைகள் வேண்டும். பெட்டியைச் சட்டத்தில் பொருத்தும்போது இடையே ரப்பர் துண்டு வைத்து, 10 மி.மீ. போல்ட்டுகளை அகலமான வாஷரோடு முடுக்குங்கள். சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும், நைலாக் நட்டு கேளுங்கள்.

சைடுகார் வண்டியில் பெட்டியின் அழகைவிடச் சுமை உட்காரும் இடம் முக்கியம். இடப்பக்கம் திரும்பும்போது வண்டி வெளிப்புறமாகச் சாயப் பார்க்கும். பெட்டி காலியாக இருந்தால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதனால்தான் காலியாகப் போகும்போது அனுபவசாலிகள் மணல் மூட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். வலப்பக்கம் திரும்பும்போது எடை முழுக்க சைடுகார் சக்கரத்தில் இறங்கும். சுமை அந்தச் சக்கரத்துக்கு முன்னால் குவிந்திருந்தால் சைடுகாரின் மூக்கு குத்திக்கொண்டு, வண்டியின் பின்சக்கரம் தூக்கும். கனமான பொருள் அடியில், சைடுகார் சக்கரத்துக்கு நேராக இருக்க வேண்டும். உள்ளே ஒரு தடுப்புப் பலகை வைத்தால் சுமை நகராது. முடுக்கினால் வண்டி இடப்பக்கமும், பிரேக் பிடித்தால் வலப்பக்கமும் இழுக்கும். சுமை கூடக்கூட அந்த இழுப்பும் கூடும்.

இன்னொன்று. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் சேர்த்துத்தான் மோட்டார் சைக்கிள் என்று வரையறுக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மரம் வாங்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

பெட்டி தயாரானதும் நேரே சந்தைக்குக் கிளம்ப வேண்டாம். திறந்த மைதானம் ஒன்றில், முதலில் காலிப் பெட்டியோடும் பிறகு பாதிச் சுமையோடும், இடப்பக்க வளைவைப் பழகுங்கள். மெதுவாக, ஹெல்மெட்டோடு. சுமையைக் கட்டும் கயிறு பெட்டிக்கு உள்ளேயும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.