கேள்விக்கு ஏற்ற ஆய்வுமுறை

செயலாராய்ச்சிக்குத் தலைப்பு முடிவானதும் நம்மில் பலர் வினாநிரல் தயாரிக்க அமர்ந்துவிடுகிறோம். அதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த முறை என் கேள்விக்கு விடை தருமா? இதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள, நமக்கு நன்கு அறிமுகமான மார்ஷ்மெல்லோ ஆய்வையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் இந்த ஆய்வுகளைத் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு வயதுக் குழந்தையின் முன் ஓர் இனிப்பு வைக்கப்படும். ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். நீண்ட நேரம் காத்திருந்தவர்கள் வளர்ந்தபின் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 1990இல் வெளியான தொடராய்வு கூறியது. பொறுமையே வெற்றிக்குக் காரணம் என்று அது பரவியது.

ஆனால் அந்தத் தொடராய்வு காட்டியது உடன்தொடர்பை மட்டுமே. இரண்டு பண்புகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மாதிரியும் சிறியது. முதலில் பங்கேற்ற குழந்தைகள் 650 பேருக்கு மேல். மதிப்பெண் பற்றிய முக்கிய முடிவோ 35 பேரின் தரவைச் சார்ந்தது.

2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை ஆராய்ந்தனர். அதில் பட்டப்படிப்பு முடிக்காத தாய்மார்களின் குழந்தைகளும் ஏராளமாக இருந்தனர். காத்திருப்புக்கும் பிற்கால அடைவுக்கும் இடையிலான தொடர்பு, முன்பு சொல்லப்பட்டதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் கொண்டபோது அது மேலும் பெருமளவு குறைந்தது.

காரணத்தை அறியச் சோதனை முறை தேவை. செலஸ்ட் கிட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 28 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிடம், நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்பட்டது, மற்றதில் மீறப்பட்டது. பிறகு இனிப்பு வைக்கப்பட்டது. முதல் குழு சராசரியாக 12 நிமிடமும் இரண்டாவது குழு 3 நிமிடமும் காத்திருந்தன. பெரியவர் சொல்லை நம்ப முடியுமா என்பதும் காத்திருப்பைத் தீர்மானிக்கிறது. 28 பேர் என்பது சிறிய மாதிரிதான். ஆனால் கேள்விக்குப் பொருந்திய முறை.

நம் வகுப்பறைக்கு வருவோம். எத்தனை மாணவர் வீட்டில் படிக்கின்றனர் என்பதற்கு வினாநிரல் போதும். குழுச் செயல்பாட்டில் யார் பேசாமல் இருக்கிறார் என்பதற்கு உற்றுநோக்கல் வேண்டும். ஏன் பேசவில்லை என்பதை நேர்காணலில் அந்த மாணவரிடமே கேட்டறியலாம். காலை வாசிப்பு புரிதலை வளர்த்ததா என்றால், முன்தேர்வும் பின்தேர்வும் மட்டும் போதாது. ஒப்பிட இன்னொரு பிரிவும் தேவை. ஆய்வு முடிந்தபின் அந்தப் பிரிவுக்கும் அதே வாய்ப்பைத் தர வேண்டும்.

முறையைத் தேர்ந்தபின் மூன்றைச் சரிபார்க்கலாம். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா? இன்னோர் ஆசிரியர் அளந்தாலும் அதே முடிவு வருமா? விடுபட்ட மாணவர்கள் யார்? நீண்டநாள் வராத மாணவரை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, வகுப்பின் சராசரி ஆகாது.

உடனே இனிப்பை எடுத்துவிட்ட குழந்தைக்குப் பொறுமையில்லை என்று எழுதிவிடுவது எளிது. அந்த ஒரு வரி, குழந்தையை அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் பின்தொடரும். ஆய்வுமுறை தாங்கும் அளவுக்கே முடிவை எழுதுவோம்.