பெயரும் வாயிலும்

நிலாவெளியில் ஒரே வளவிற் பல குடும்பங்கள் இருப்பின், கடிதத்தில் வீட்டுக்காரர் பெயர் இன்றியமையாதது. இணையச் சேவையகமும் அத்தகைய வளவே. ஓர் ஐபி முகவரியிற் பல தளங்கள் குடியிருக்கும். மேலோடி தன் வேண்டுகோளில் எழுதும் 'ஹோஸ்ட்' பெயரைக் கண்டே உரிய கதவு திறக்கப்படும்.

2010இல் '.இலங்கை' என்னும் ஈறு கிடைத்தபோது நாம் அடைந்த களிப்புக்கு அளவில்லை. ஆயின் தமிழ்ப் பெயர் கம்பியிலே தமிழாய்ச் செல்வதில்லை; 'எக்ஸ்என்' எனத் தொடங்கும் உரோம எழுத்துக் கோவையாய் மாறியே செல்லும். அவ்வடிவத்தைச் சேவையகத்திற் பதியாவிடின், அப்பாச்சி மென்பொருள் முதலாவதாய் எழுதப்பட்ட தளத்திடம் விருந்தினரை ஒப்படைத்துவிடும். அங்கே '301' என்னும் நிரந்தர வழிமாற்றம் இருப்பின், அவர் அயலார் முற்றத்திலே நிற்பார்.

நம் மாணவர் சிலர் அமைத்த பக்கத்துக்கு நேர்ந்ததும் இதுவே. பெயரைப் பதிந்த பின்னரும் பழைய முற்றத்துக்கே சென்றனர். மேலோடி 301ஐ நினைவில் வைத்திருந்தது. சோதிக்குங்கால் தற்காலிகமான 302ஐ இடுக.