கொல்லையும் ஊசியும்

ஆடி மாதத்து மழை மண்ணை நனைத்ததும், விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் கொல்லை வாய்த்த இல்லங்களில், அவரையும் பீர்க்கும் புடலையும் ஊன்றிப் பந்தலிடும் வேலை குடும்பத்தார் அனைவரையும் ஒன்று சேர்த்துவிடுகிறது. பாத்திரம் கழுவிய நீரே பாசனமாகவும், இலையில் தூவும் அடுப்புச் சாம்பலே அசுவினிக்கு ஔஷதமாகவும் அமைவதால் செலவு சொற்பமே.

பிற்பகலில், நைந்த பருத்திப் புடவையை நான்காக மடித்து, ஓரம் பிடித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் பேரக்குழந்தைக்கு மெத்தென்ற விரிப்பாக்கும் பாட்டியின் கைத்திறன், அருகிருந்து நூல் கோத்துக் கொடுக்கும் பேத்திக்கும் சுபாவமாகவே படிந்துவிடுகிறது. இத்தகைய கைவேலை வீட்டுத் தேவையோடு நிற்பதில்லை; நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவ மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் கற்பித்த ரேந்தை (லேஸ்) பின்னல், ஏழைப் பெண்களுக்குச் சுயசம்பாத்தியமே அளித்தது.

ஆகவே, பெற்றோர்களே, தினந்தோறும் சிறிது நேரமாவது குழந்தைகளோடு அமர்ந்து, அவர்கள் கையில் விதையையும் ஊசியையும் கொடுங்கள்; அதனினும் சிறந்த சம்பத்து வேறில்லை.