நோயாளிக்கும் ஒரு வாக்கு உண்டு

செஞ்சி போன்ற சிற்றூர்களில் தாய்க்கோ தந்தைக்கோ புற்றுநோய் என்று தெரியவந்ததும் பிள்ளைகள் பலர் இரண்டு காரியங்களைச் செய்கின்றனர்: நோயை அவரிடம் மறைக்கின்றனர், நிலத்தை விற்க ஆள் தேடுகின்றனர். இரண்டிலும் அவசரம் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்.

குடும்பத்தை நிலைகுலையச் செய்வது பெரும்பாலும் மறைமுகச் செலவே. கதிர்வீச்சு சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாள்கள் வீதம் பல வாரங்கள் நீளும். பேருந்துக் கட்டணம், தங்குமிடம், துணைக்குச் செல்பவர் இழக்கும் கூலி ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிடாத குடும்பம், சிகிச்சையைப் பாதியில் நிறுத்த நேரிடும். அதுவரை பட்ட பாடும் வீணாகலாம்.

எனவே, மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, வேதனையைத் தணிப்பதா? எத்தனை வாரங்கள் ஆகும்? இதே சிகிச்சை அருகில் கிடைக்குமா?

கிடைத்த விடைகளைப் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழைபவரிடம் எத்தனை நாள் மறைக்க இயலும்? எவ்வளவு தொலைவு அலைவது, எந்த நிலத்தை விற்கக் கூடாது என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கும். அதைக் கேட்பதும் பணிவிடைதான்.